சவரிமுத்துவுக்கு ஊற்றிய தண்ணீர்

யேசு மரி சூசை
உறையூர், 18-9-1977

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை பேட்ரிசியா எழுதிக்கொண்டது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் ஆண்டவர் தயவில் நலம். உங்கள் நலத்துக்கும், அந்த முதுகுவலிக்கும் பதில் எழுதவும். பம்பாய் மழையில் நனைந்துகொண்டுதான் மில்லுக்குப் போகிறீர்களா, இல்லை குடை என்று ஒன்றை வாங்கினீர்களா என்பதையும் எழுதவும்.

நாலாம் தேதி ஆண் குழந்தை என்று தந்தி கொடுத்தோம். விவரமாக எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அவசரக்காரன். குருமடத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டுப் பாதிச் சாமியாராக ஓடிவந்தவருடைய மருமகன் வேறு எப்படி இருப்பான்? எடை நாலு பவுண்டுகூட இல்லை. மூக்கு மட்டும் நம் அப்பா மூக்கு, அதில் குறை வைக்கவில்லை.

அப்பா பெயரைத்தான் வைக்கப்போகிறோம், சவரிமுத்து என்று. ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று நீங்கள் சட்டம் பேசுவீர்கள் என்பதால் நான் 'டேய்' என்கிறேன். மாடியில் இருக்கும் ஷரபுன்னிசா அக்கா 'ராஜா' என்கிறார். அவர் நம் வீட்டுக்காரர் கலீல் பாயின் மனைவி. பாய்க்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. பிரசவத்துக்கு அம்மா இல்லையே என்று நான் அழாமல் பார்த்துக்கொண்டது அந்த அக்காதான். மாப்பிள்ளைக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் வேலை, ராத்திரி ஷிப்ட் மாறி மாறி வருகிறது.

ஞானத்தகப்பன் நீங்கள்தான். தலைப்பிள்ளையைத் தாய்மாமன் ஏந்தாமல் நம் வீட்டில் ஞானஸ்நானம் நடந்தது இல்லை. எட்டு நாளில் கொண்டு வா என்று பங்குச் சுவாமியார் சொன்னார், இன்றோடு பதினாலு நாள். மாதக் கடைசிக்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு, தங்கை
பேட்ரிசியா

யேசு மரி சூசை
மாட்டுங்கா, பம்பாய், 29-9-1977

அன்புத் தங்கைக்கு அண்ணன் பிலோமின்ராஜின் ஆசீர்வாதம். நான் நலம். உங்கள் மூவர் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். முதுகுவலி இருக்கிறது. குடை வாங்கினேன், அது தொலைந்தும் போயிற்று.

உன் கடிதத்தைத் தறி ஓரத்தில் நின்றே இரண்டு தரம் படித்தேன். உடனே மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். தீபாவளிக்குப் பாதிப்பேர் ஊருக்குப் போகிறார்கள், அவர்கள் திரும்பிய பிறகுதான் உனக்கு என்றுவிட்டார். எனவே நவம்பர் 18-ம் தேதி ரயில் ஏறுகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். வெள்ளைக் கவுன் தாதரில் வாங்கிவைத்திருக்கிறேன். குளிருக்கு ஒரு பச்சைக் கம்பளிக் குல்லாய் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இப்போதே போட்டுவிடு.

என்னைத் தவிர வேறு யாரும் அவனை ஏந்தக்கூடாது, சொல்லிவிட்டேன். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, சாமியாராகவும் ஆகவில்லை. ஒரு பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் பிடித்து நிற்கும் பொறுப்பாவது என் பங்குக்கு இருக்கட்டும்.

அன்பு அண்ணன்
பிலோமின்ராஜ்

யேசு மரி சூசை
உறையூர், 8-10-1977

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை.

பையன் பால் குடிக்க மாட்டேன் என்கிறான். நாலு வாய் குடித்தால் மூச்சு வாங்குகிறது, அழுதால் உதடு நீலம் பாய்கிறது. பெரிய டாக்டர் பார்த்துவிட்டு இருதயத்தில் ஓட்டை என்றார். கொஞ்சம் எடை ஏறினால் வேலூருக்குக் கொண்டுபோகலாமாம். எப்படி எடை ஏறும் என்று கேட்டேன், அவர் மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கே கொண்டு வா, ஐந்து நிமிஷ வேலை என்று சுவாமியார் சொல்கிறார். வேறு யாரையாவது ஏந்தச் சொல்லி முடித்துவிடட்டுமா? மாப்பிள்ளை உங்களை மீற யோசிக்கிறார், உன் அண்ணன் மனசு உடைந்துவிடும் என்கிறார். எனக்கு வேறு பயம். எனக்கு அடுத்ததாக அம்மாவுக்குப் பிறந்து மூன்றாம் நாளே போன பெண் குழந்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், எனக்குச் சொல்லித்தான் தெரியும். ஞானஸ்நானம் ஆகவில்லை என்று கல்லறைத் தோட்டத்துப் பின்சுவர் ஓரத்தில் புதைத்தார்கள். பெயர் இல்லை, சிலுவை இல்லை. கல்லறைத் திருநாள் வந்தால் எல்லாரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அம்மா மட்டும் எது தன் குழந்தை என்று தெரியாமல் சுவர் நெடுக நடந்து நடந்து பூப்போடுவார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அப்படி நான் நடக்க மாட்டேன், என்னால் முடியாது.

சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். கார்டு போதும்.

பேட்ரிசியா

யேசு மரி சூசை
பம்பாய், 17-10-1977

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம். நீ மனதை அலைய விடாதே. இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைகள் இங்கே ஓடி விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரே மாதம். என் ஒரு ஆசைக்காக அந்த ஒரு மாதம் பொறுக்கக்கூடாதா?

உன் பயத்துக்கு மருந்து என்னிடம் இருக்கிறது, குருமடத்தில் சும்மா மூன்று வருஷம் சோறு தின்னவில்லை. ஆபத்து என்று வந்துவிட்டால் சுவாமியார் வேண்டியதில்லை. நீயோ மாப்பிள்ளையோ செய்யலாம். இந்தத் தாளைத் தனியாகக் கிழித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்.

சுத்தமான தண்ணீர் எதுவானாலும் சரி, மந்திரித்த தீர்த்தம் அவசியமில்லை. பிள்ளையின் தலையில், தோலில் படும்படி, மூன்று முறை ஊற்ற வேண்டும். ஊற்றும்போது சொல்ல வேண்டியது: "______, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." கோடு போட்ட இடத்தில் பெயர். அவ்வளவுதான். மோட்ச வாசல் திறந்துவிடும்.

இது தேவைப்படாது. நவம்பர் 20-ம் தேதி நானே வந்து ஏந்துவேன்.

அன்பு அண்ணன்
பிலோமின்ராஜ்

யேசு மரி சூசை
பம்பாய், 21-11-1977

தங்கச்சி, மாப்பிள்ளையின் தந்தி 17-ம் தேதி கிடைத்தது. திருச்சி வெள்ளத்தைப் பேப்பரில் பார்த்து நான்கு நாள் சாப்பிடாமல் இருந்தவனுக்கு அந்தத் தந்தி வந்தது. அடக்கம் முடிந்துவிட்டது என்று அதிலேயே இருந்தது.

மறுநாள் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். வெள்ளைக் கவுன் பெட்டியில் இருந்தது. என்ன முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்பது என்று தெரியவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்னைத் திட்டி எழுது, ஆனால் எழுது.

ஒன்று மட்டும் உடனே சொல். ஞானஸ்நானம் ஆயிற்றா?

பிலோமின்ராஜ்

யேசு மரி சூசை
ஸ்ரீரங்கம், 2-12-1977

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உறையூர் வீட்டில் இடுப்பளவு சேறு. மாப்பிள்ளை ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இங்கே ஒரு வீடு பார்த்துவிட்டார்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். ஆயிற்று அண்ணா. சவரிமுத்து என்று பெயரும் வைத்தாயிற்று.

பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கணுக்கால் தண்ணீர். உய்யக்கொண்டான் வாய்க்கால் உடைந்தது என்றார்கள், கோரையாறு என்றார்கள். அரைமணியில் கட்டில் மிதந்தது. பிள்ளையையும் ஜெபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். மாப்பிள்ளை ராத்திரி ஷிப்டுக்குப் போனவர், காவேரிப் பாலத்தில் யாரையும் விடவில்லை. கலீல் பாய் மண்டியில் மூட்டைகளோடு மாட்டிக்கொண்டார். மாடியில் ஷரபுன்னிசா அக்காவும் அவர் மாமியாரும் நானும்தான். அக்காவின் பெண்பிள்ளைகள் முசிறியில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்குமேல் பிள்ளையின் உதடு கறுத்துவிட்டது. தெருவில் வாழைமரத் தெப்பத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். கத்தினேன். திரும்பி வருகிறோம் என்று கைகாட்டிவிட்டுப் போனார்கள். அப்போதுதான் உங்கள் தாள் ஞாபகம் வந்தது. அக்கா குடத்திலிருந்து ஒரு டம்ளர் குடிதண்ணீர் கொண்டுவந்தார். எனக்குக் கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. அக்காவிடம் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கோடு போட்ட இடம் வந்ததும் அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். சவரிமுத்து என்றேன். அக்கா வாசிக்க வாசிக்க நான் மூன்று முறை ஊற்றினேன்.

உடனே தெப்பம் வருகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். பிள்ளையை அக்கா மடியில் விட்டுவிட்டு மாடி ஓரத்துக்கு ஓடினேன். அது அடுத்த தெருவுக்குத் திரும்பிப் போயிற்று. நான் வந்து எடுத்தபோதும் மூச்சு இருந்தது. நாலு மணிக்கு நின்றது. நீங்கள் அனுப்பிய பச்சைக் குல்லாயோடுதான் என் மடியில் கிடந்தான்.

உங்களைத் திட்ட மாட்டேன். அந்தத் தாள் இல்லாவிட்டால் என் பிள்ளை ஒன்றும் இல்லாமல் போயிருப்பான். அதை நினைத்து நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

தங்கை
பேட்ரிசியா

யேசு மரி சூசை
பம்பாய், 9-1-1978

அன்புத் தங்கைக்கு, உன் கடிதத்துக்கு ஐந்து வாரம் பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. கிறிஸ்மஸ் வாழ்த்துகூட அனுப்பவில்லை. பூசைக்கும் போகவில்லை. மாப்பிள்ளையின் நலத்துக்கு எழுது.

ஒன்று கேட்கிறேன். ஏன் கேட்கிறாய் என்று கேட்காதே. ஷரபுன்னிசா அக்கா அந்த வார்த்தைகளை வாசித்தபோது, நீயும் கூடவே சொன்னாயா? சத்தம் போட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வாய்க்குள் முணுமுணுத்திருந்தாலும் போதும். நன்றாக யோசித்துப் பார்த்து உண்மையை எழுது. எனக்குப் பிடித்த பதிலை எழுதாதே.

கல்லறை எங்கே இருக்கிறது? அப்பா பக்கத்திலா? அதையும் நீ எழுதவில்லை.

அண்ணன்
பிலோமின்ராஜ்

(கார்டு)
ஸ்ரீரங்கம், 30-1-1978

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். நலமறிய ஆவல். மாப்பிள்ளைக்குச் சளி இருந்தது, இப்போது தேவலை. இங்கே தண்ணீர் நல்ல ருசி. பக்கத்து வீட்டு ரங்கசாமி ஐயங்கார் வீட்டில் நல்ல மாதிரி. காவேரிக்குக் குளிக்கப் போகிறவர்கள் விடியும்போதே எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை. முதுகுவலிக்கு நீலகிரித் தைலம் தேய்க்கவும்.

பேட்ரிசியா

786
உறையூர், 26-2-1978

மரியாதைக்குரிய அண்ணன் பிலோமின்ராஜ் அவர்களுக்கு ஷரபுன்னிசா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லாரும் நலம். தங்களின் நலத்துக்கு துஆ செய்கிறேன்.

தங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரர் பிரிக்காமலே கொடுத்தார். பேட்ரிசியா என்ன சொன்னாள், என்ன சொல்லவில்லை என்று நான் பார்த்ததை உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தீர்கள். தண்ணீர் ஊற்றுகிறவர் வாயால்தான் அந்த வார்த்தைகள் வர வேண்டும், ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் செல்லாது, அந்த ஒரு வரியைத் தாளில் எழுத விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள்.

பேட்ரிசியா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை அண்ணன். பல் கிட்டிப்போய் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று மாதமாக அதைச் சுமந்துகொண்டு இருக்கிறேன். அவள் ஊற்றியது தலையில் இல்லை, குல்லாயின் மேல். கம்பளி குடித்துவிட்டது. தோலில் பட வேண்டும் என்று தாளில் இருந்ததை நான்தானே வாசித்தேன். சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் தெப்பத்தைப் பார்க்க ஓடிவிட்டாள். பிள்ளை என் மடியில். மூச்சு எண்ணிவிடலாம் போல இருந்தது. மாமியார் உள் அறையில் தொழுதுகொண்டிருந்தார். குல்லாயைக் கழற்றினேன். டம்ளரில் மிச்சம் இருந்த தண்ணீரை எடுத்து மூன்று முறை உச்சியில் ஊற்றினேன். தாளைப் பார்த்து அதே வார்த்தைகளை நானே சொன்னேன், பெயரோடு. பிறகு தலையைத் துடைத்து ஈரக் குல்லாயைத் திரும்பப் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், தாளில் நீயோ மாப்பிள்ளையோ என்று இருந்தது. துலுக்கச்சி கை பட்டால் செல்லாதோ, பிள்ளைக்கு நடக்க இருந்ததை நான் கெடுத்துவிட்டேனோ என்று பயம். யார் ஊற்றினாலும், எந்த மதத்தவர் ஊற்றினாலும், பிள்ளைக்கு அவர்கள் கேட்டதைச் செய்கிறோம் என்ற நினைப்போடு செய்தால் போதும் என்று தாங்கள் எழுதிய பிறகுதான் அந்த பயம் போயிற்று.

ஆனால் எனக்கு வேறு பயம் உண்டு. அடுத்தவர் கடிதத்தை வாசித்துக் கொடுப்பது வேறு. நானே ஊற்றி, நான் என்று சொல்லி அந்த வார்த்தைகளைச் சொன்னது வேறு. அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் இருக்கட்டும். அவன் என் மனசைப் பார்த்தவன். என் மாமியாருக்கோ வீட்டுக்காரருக்கோ தெரிந்தால் நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியாது. பேட்ரிசியாவுக்கும் தெரிய வேண்டாம், அவள் சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லிவிடுவாள். தாங்கள் வேதம் படித்தவர் என்பதால் எழுதினேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு
ஷரபுன்னிசா

யேசு மரி சூசை
பம்பாய், 12-3-1978

அன்புத் தங்கைக்கு, நலம். உன் நலத்துக்கு எழுது.

நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தாளில் ஒரு வரி விட்டுப்போயிற்று. ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும் என்ற வரி. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் முழு மார்க் வாங்கியிருக்கிறேன். உன் டிசம்பர்க் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் ஐந்து வாரம் இருந்து பார்த்தேன், அதுவும் முடியவில்லை. காத்திரு என்று சொன்னதும் நான்தான், காத்திருந்ததற்குக் கொடுத்த மருந்தும் அரைகுறை.

ஆனால் இதைக் கேள். சவரிமுத்துவின் ஞானஸ்நானம் செல்லும். சந்தேகமே இல்லாமல் செல்லும். எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதே, ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என்னை நம்பு.

அண்ணன்
பிலோமின்ராஜ்

யேசு மரி சூசை
ஸ்ரீரங்கம், 27-3-1978

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். நேற்று ஈஸ்டர். நீங்கள் பூசைக்குப் போனீர்களா?

நீங்கள் விட்ட வரி எனக்கு நவம்பர் பதினாறாம் தேதியே தெரியும். அன்றைக்குத்தான் தண்ணீர் வடிந்து, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். சுவாமியார் நல்ல மனுஷர். ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊற்றியது யாரம்மா, சொன்னது யாரம்மா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார். ஆண்டவர் இரக்கமுள்ளவர், அவரிடம் விட்டுவிடுவோம் என்றார். பெயர் எழுதவில்லை. உபதேசியார் எங்களைப் பின்சுவர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அந்த வாரம் வெள்ளத்தில் போன பிள்ளைகள் வேறு இருந்தார்கள். வரிசையாகப் புதுமண். மறுவாரம் மழை பெய்து எல்லா மேடும் ஒன்றாகிவிட்டது. எது என் பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை அண்ணா. அம்மா நடந்த அதே சுவர் ஓரம்.

உங்களுக்கு எழுதவில்லை. உங்கள் தாளால் இப்படி ஆயிற்று என்று தெரிந்தால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று பயந்தேன். கூடவே சொன்னாயா என்று நீங்கள் கேட்டபோதுதான் உங்களுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. ஆமாம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதினால் உங்களுக்கு நிம்மதி, ஆனால் அது பொய். பிள்ளை விஷயத்தில் பொய் எழுதக் கை வரவில்லை. அதனால் நீலகிரித் தைலம் என்று எழுதினேன்.

இப்போது செல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி என்று சொல்லவில்லை. சின்ன வயசில் என் மைக்கூட்டை உடைத்துவிட்டு, யாரோ உடைத்தார்கள், யாரென்று கேட்காதே, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றீர்களே, அதே மாதிரி இருக்கிறது. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள். கோபம் இல்லை. ஆனால் நம்ப முடியவில்லை.

ஈஸ்டருக்கு முன்ராத்திரி பாஸ்கா பூசையில் தண்ணீர் மந்திரித்து எல்லார் மேலும் தெளித்தார்கள். என் மேல் ஒரு சொட்டு விழுந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டேன். செத்தால் அம்மாவைப் பார்ப்பேன், அப்பாவைப் பார்ப்பேன். என் பிள்ளையைப் பார்ப்பேனா? இதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மாப்பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பற்றிப் பேசினார். வேண்டாம் என்றுவிட்டேன்.

உங்கள் தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கிறது. எரிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. இனிமேல் இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம்.

பேட்ரிசியா

786
உறையூர், 9-4-1978

அன்புள்ள தங்கச்சி பேட்ரிசியாவுக்கு ஷரபுன்னிசா அக்கா எழுதுவது. அல்லாஹ் காவலில் நாங்கள் நலம். நீயும் உன் வீட்டுக்காரர் அமிர்தராஜ் தம்பியும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நீ போன பிறகு கீழ்வீட்டை யாருக்கும் விடவில்லை. சேறு போயும் வாடை போகவில்லை.

உன் அண்ணன் எனக்கு ஒரு கவர் அனுப்பினார். உள்ளே நீ அவருக்கு எழுதிய கடிதமும் அந்தத் தாளும் இருந்தன. அவர் தன் பங்குக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தார், நான் வாக்கை மீறவில்லை, இதைப் படித்துவிட்டு உங்கள் இஷ்டம் என்று. அடுத்தவர் கடிதத்தைப் படித்ததற்கு மன்னித்துக்கொள். சுவர் ஓரம் என்று நீ எழுதியிருந்த இடத்தை மட்டும் மூன்று தரம் படித்தேன்.

உன் அண்ணன் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிய தண்ணீர் குல்லாயில்தான் போயிற்று. நீ தெப்பத்தைப் பார்க்க ஓடியபோது நான் குல்லாயைக் கழற்றிவிட்டு, பிள்ளையின் உச்சியில் மூன்று முறை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே அந்த வார்த்தைகளை நானே சொன்னேன். தாளில் உள்ளபடி, ஒன்றும் விடாமல், ஒன்றும் சேர்க்காமல். பிறகு குல்லாயைப் போட்டுவிட்டேன். உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் பயம்தான். என் கை பட்டதால் கெட்டுவிட்டது என்று நீ அழுவாயோ என்று ஒரு பயம், எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று இன்னொரு பயம். நான் பயந்துகொண்டு இங்கே உட்கார்ந்திருக்க, நீ அங்கே சுவரைப் பார்த்து அழுதுகொண்டு இருந்திருக்கிறாய்.

முந்தாநாள் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அவர் கணக்குப் பார்க்க உட்காரவில்லை. பிறகு, "சாகிற பிள்ளைக்கு அது அம்மா கேட்டதைத்தானே செஞ்ச. போய்ச் சொல்லிட்டு வா. எங்கம்மா காதுக்கு மட்டும் போக வேணாம்" என்றார். அதற்குமேல் அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக என் கையால் டீ வாங்கிக் குடிக்கவில்லை. சரியாகிவிடுவார், ஆகாவிட்டாலும் நான் வருவேன்.

வருகிற பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு உங்கள் சாமியாரிடம் வந்து சொல்கிறேன். அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் என்ன கேட்டாலும் சொல்கிறேன். தாளையும் கொண்டுவருகிறேன். கையெழுத்துக் கேட்டால் போடுகிறேன். நீ ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து முன்னாலேயே வந்து கோயில் வாசலில் நில். எனக்கு உள்ளே எப்படிப் போவது, எங்கே நிற்பது என்று ஒன்றும் தெரியாது. வெள்ளைத் துப்பட்டியில் வருவேன், என்னைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதற்குள் நீ கையைப் பிடித்துக்கொள்.

எந்த மேடு என்று தெரியாவிட்டால் பரவாயில்லை. பெயர் புத்தகத்தில் ஏறட்டும். பிறகு சுவரில் ஒரு இடம் பார்த்து எழுதச் சொல்வோம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராஜா ராஜா என்று எழுபது நாள் கூப்பிட்டேன். அன்றைக்கு ஒரு தடவைதான் சவரிமுத்து என்று கூப்பிட்டேன். தண்ணீர் குளிர்ந்ததோ என்னவோ, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

இப்படிக்கு உன் அக்கா
ஷரபுன்னிசா